என் டனல் ஹல் படகு நேராக ஓட ஆரம்பித்த கதை

பாதி வேகத்தில் கோடு போட்டதுபோல ஓடும். ரிமோட்டின் ட்ரிகரை முழுதாக அழுத்தினால் போதும், மூக்கைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டு இடப்பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். போன வருடம் பிப்ரவரியில் ஆரம்பித்த தொல்லை இது. ஜூன் வரை விடவில்லை. இந்த ஐந்து மாதத்தில் நான் வாங்கிய புரொப்பெல்லர்களின் விலையை வீட்டில் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை.

படகைப் பற்றி முதலில். 620 மிமீ நீளம், பிளைவுட்டில் நானே கட்டியது, மேலே எபாக்ஸி பூச்சு. பின்னால் அவுட்போர்டு மாதிரி தொங்கும் மோட்டார், பிரஷ்லெஸ், 4எஸ் (நான்கு செல்) லிப்போ பேட்டரி. எல்லாம் ஏற்றினால் 1,900 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. உதிரி சாமான்களில் பாதி பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் அலைந்து வாங்கியது, மீதி தபாலில் வந்தது. ஓட்டுவது மாலூர் போகிற வழியில், நண்பர் ஒருவரின் மாமனார் ஊர் ஏரியில். பெங்களூருக்குள் இருக்கும் ஏரிகளில் படகை இறக்கி வைப்பதற்குள் காவலாளி விசில் வந்துவிடும். அதிலும் நியாயம் இருக்கிறது, நடக்க வருபவர்களும் பறவைகளும் இருக்கிற இடம். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்கே கிளம்பி, ஊர்க்காரர்களிடம் சொல்லிவிட்டு, மாடு குளிப்பாட்ட வருபவர்கள் வருவதற்குள் முடித்துக்கொள்வோம். நாங்கள் நான்கு பேர். இரண்டு பேர் தமிழ், ஒருவர் கன்னடம், ஒருவர் தெலுங்கு. படகு கவிழ்ந்தால் மட்டும் நான்கு பேரும் ஒரே மொழியில் கத்துவோம்.

டனல் ஹல் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: இரண்டு பக்கமும் ஸ்பான்சன்கள் என்னும் நீளமான மிதவைகள், நடுவில் திறந்த குகை மாதிரி ஒரு வழி. வேகம் எடுத்தால் அந்த வழியில் புகும் காற்று அழுந்தி, படகைத் தூக்கிப் பிடிக்கும். தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருப்பது ஸ்பான்சன்களின் பின்பக்கத்தில் உள்ளங்கை அகலம்தான். அப்புறம் புரொப்பெல்லர். எங்கள் கட்டுமரத்தின் பேரைத்தான் ஆங்கிலக்காரன் இரட்டை உடல் படகுக்கெல்லாம் வைத்துக்கொண்டான் என்று பெருமையாகச் சொல்வேன். ஆனால் கட்டுமரத்தில் குகை ஏது, அது மரங்களைச் சேர்த்துக் கட்டியது. 2018 நவம்பரில் அமராவதியில் கிருஷ்ணா நதியில் எஃப்1 படகுப் பந்தயம் நடந்தபோது ராத்திரி ரயில் பிடித்துப் போய்ப் பார்த்தேன். ஆறு மீட்டர் நீளப் படகுகள், இரண்டு நொடிக்குள் நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொடுகிறவை. பாதித் தண்ணீரிலும் பாதிக் காற்றிலும் ஓடும் ஒரு பொருளை மனிதர்கள் உள்ளே உட்கார்ந்து ஓட்டுகிறார்கள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. திரும்பி வந்ததும் கட்டும் ஆசை வந்தது. கட்டி முடிக்க வருடங்கள் ஆயின, அது வேறு கதை.

பாதி தண்ணீர், பாதி காற்று. கோளாறும் அங்கேதான். சாதாரணப் படகு ஆடினால் காரணத்தைத் தண்ணீரில் தேடலாம். இதில் எடை எங்கே இருக்கிறது, மோட்டார் எவ்வளவு உயரத்தில், எந்தச் சாய்வில் தொங்குகிறது, புரொப்பெல்லர் பின்பக்கத்தை எவ்வளவு தூக்குகிறது, அடிப்பரப்பு எப்படி இருக்கிறது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, இத்தனையும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும். ஒன்றில் இருக்கும் தப்பை இன்னொன்றை மாற்றி மறைத்துவிடலாம். நான் செய்தது அதுதான்.

மூக்கு ஏறி இறங்கித் துள்ளுவதை ஆங்கிலத்தில் கடற்பன்றியின் பேரால் சொல்வார்கள். நாகப்பட்டினம் பக்கம் கடலில் ஓங்கில் (டால்பின்) துள்ளுவதைப் பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் தேவையில்லை. வீடியோ எடுத்து ஊரிலிருக்கும் மாமாவுக்கு அனுப்பினேன். நாற்பது வருடம் கடலுக்குப் போனவர், இப்போதும் ஃபைபர் படகு வைத்திருக்கிறார். உடனே போன் வந்தது.

“அணியம் லேசா இருக்கு மாப்ள. முன்னாடி கொஞ்சம் பாரம் வை.”

அணியம் என்றால் படகின் முன்பக்கம், அமரம் பின்பக்கம். எங்கள் நான்கு பேருக்குள்ளும் இந்த இரண்டு சொற்களும் அதற்குப் பிறகு ஒட்டிக்கொண்டன. மாமா சொன்னபடி மூக்குக்குள் 60 கிராம் ஈயத்தை ஒட்டினேன். துள்ளல் பாதியாகக் குறைந்தது. பேட்டரியை 20 மிமீ முன்னால் தள்ளினேன், இன்னும் குறைந்தது. மோட்டார் பிராக்கெட்டின் மேல்பக்கம், பின்பலகைக்கும் அதற்கும் நடுவில், ஒரு மெல்லிய தகடு கொடுத்தேன். அப்படிக் கொடுத்தால் மோட்டாரின் கால் படகை நோக்கி உள்ளே சாயும், புரொப்பெல்லர் தண்ணீரைச் சற்றுக் கீழ்நோக்கித் தள்ளும், அமரம் எழும்பும், அணியம் இறங்கும். துள்ளல் கிட்டத்தட்ட நின்றேவிட்டது. மாமாவுக்கு வெற்றி வீடியோ அனுப்பினேன்.

ஆனால் படகு ஏழெட்டு கிலோமீட்டர் வேகத்தை இழந்திருந்தது. இடப்பக்க இழுப்பு அப்படியே இருந்தது. வலப்பக்கம் திருப்பினால் மூக்கைத் தண்ணீரில் ஊன்றிக்கொண்டு பம்பரம் மாதிரி சுற்றியது. அதற்கு ஒரு புரொப்பெல்லர் மாற்றினேன். பிறகு இன்னொன்று.

மாமா சொன்னது தப்பில்லை. அறிகுறியைச் சரியாகத்தான் படித்தார். அணியம் ஏன் லேசாயிற்று என்று கேட்டிருக்க வேண்டியது நான். ஏனென்றால் அக்டோபரில் இதே படகு, இதே எடையில், இதே புரொப்பெல்லரோடு அருமையாக ஓடியது. நான் எதையும் மாற்றவில்லை என்றால் தானாகவே ஏதோ மாறியிருக்க வேண்டும் அல்லவா? இந்தச் சின்ன விஷயம் பிப்ரவரியிலேயே மண்டையில் ஏறியிருந்தால் ஆறாயிரம் ரூபாய் மிச்சம்.

இரண்டு துப்பு கிடைத்தன. முதலாவது மச்சினன் போனில் எடுத்த ஸ்லோ மோஷன். சாதாரண வீடியோவில் மூக்கு மொத்தமாகத் தூக்குவதாகத்தான் தெரிந்தது. மெதுவாக ஓட்டிப் பார்த்தால் முதலில் இடது ஸ்பான்சன் மட்டும் எழும்புகிறது, அதற்குப் பின்னால்தான் வலது வருகிறது. “அத்தான், இது துள்ளலே இல்ல, தள்ளாட்டம்” என்றான். கரையிலிருந்து கண்ணால் பார்ப்பதை நம்பாதீர்கள். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகும் சின்னப் பொருளில் எது முதலில் நடக்கிறது என்பதைக் கண் பிடிக்காது. நேர் பின்னாலிருந்து ஒருமுறை, பக்கவாட்டில் ஒருமுறை படம் எடுத்தால் போதும்.

இரண்டாவது துப்பு சமையலறைத் தராசு. ஒரு ஞாயிறு எதற்கோ காலையில் படகை எடை போட்டிருந்தேன், ஈயத்தையும் சேர்த்து 1,940 கிராம். வீட்டுக்கு வந்து துடைத்துவிட்டுத் திரும்பப் போட்டால் 1,985. நாற்பத்தைந்து கிராம் எங்கிருந்து வந்தது? படகை ஆட்டினேன். இடது ஸ்பான்சனுக்குள் லேசாகச் சளசளவென்று சத்தம்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. டிசம்பரில் இடப்பக்கம் திருப்பிப் பழகலாம் என்று இடது ஸ்பான்சனின் பக்கச் சுவரில், திருப்பத்தில் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும் ஒரு திருப்புத் தகடு மாட்டியிருந்தேன். இந்தப் படகுகளுக்குப் பந்தயங்களில் வலப்பக்கமாகவே திரும்புவது வழக்கம், அதனால் தகடு வலதில் மட்டும் இருக்கும். இடது தகடு எனக்குப் பிடிக்கவில்லை, இரண்டே வாரத்தில் கழற்றிவிட்டேன். நான்கு ஸ்க்ரூ ஓட்டை. அவற்றை எப்படி அடைத்தேன்? ஆளுக்கொரு சொட்டு ஃபெவிக்விக், மேலே பெயின்ட். பிளைவுட்டுக்குள் ஓட்டை போட்டால் உள்ளே இருக்கும் வெறும் மரம் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். எபாக்ஸி பூச்சு அதற்குள் போயிருக்காது. ஒவ்வொரு ஞாயிறும் அது தண்ணீர் குடித்திருக்கிறது. ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் உப்பியிருக்கிறது.

உப்பியதா இல்லையா என்பதை வீட்டில் பார்க்க முடியாது. நான் பீன்யாவில் ஒரு பட்டறையில் தரப் பரிசோதனையில் இருக்கிறேன், சர்ஃபேஸ் பிளேட் என்று சொல்லும், மட்டம் பார்க்கும் கருங்கல் மேடை அங்கே உண்டு. பேட்டரியை வீட்டில் விட்டுவிட்டு, வெறும் உடலை ஒரு பையில் போட்டுக்கொண்டு ஸ்ரீராம்புரத்தில் மெட்ரோ ஏறினேன். எக்ஸ்ரே மெஷினில் பார்த்த பாதுகாவலர் வெளியே எடுக்கச் சொன்னார். எடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பையனுக்கா என்று கன்னடத்தில் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். எனக்கு மகள்தான், அவளுக்குப் படகில் அக்கறையும் கிடையாது.

மதிய உணவு நேரத்தில் படகைக் கவிழ்த்து வைத்து, இடது ஸ்பான்சனின் அடியில் ஸ்ட்ரெய்ட் எட்ஜை (வளைவே இல்லாத எஃகுப் பட்டையை) நீளவாக்கில் வைத்தேன். பின்விளிம்பிலிருந்து சுமார் 90 மிமீ தூரத்துக்கு அடிப்பரப்பு தொப்பை போட்டிருந்தது. ஸ்ட்ரெய்ட் எட்ஜ் நடுவில் உட்கார்ந்து சீசா மாதிரி ஆடியது. ஒரு பக்கம் அழுத்தி மறுபக்கம் ஃபீலர் கேஜ் (இடுக்கை அளக்கும் மெல்லிய தகடுகள்) விட்டால் 0.7 மிமீ. வலது ஸ்பான்சனில் 0.1 கூட நுழையவில்லை.

0.7 மிமீ என்ன செய்துவிடும் என்று தோன்றலாம். குழாயிலிருந்து விழும் தண்ணீரில் ஒரு கரண்டியின் முதுகைக் காட்டிப் பாருங்கள். தண்ணீர் கரண்டியைத் தள்ளாது, தன்னை நோக்கி இழுக்கும். அடிப்பரப்பின் பின்பகுதி வெளிப்புறமாகத் தொப்பை போட்டால் இதேதான் நடக்கிறது. தண்ணீர் அந்த இடத்தைக் கீழே உறிஞ்சும். அமரம் இறங்கும், அணியம் எழும்பும். வேகம் இரண்டு மடங்கானால் இந்த இழுப்பு நான்கு மடங்காகும், அதனால்தான் பாதி வேகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. ஒரு பக்கம் மட்டும் இழுப்பதால் அந்தப் பக்கம் தடையும் கூடி, படகு இடப்பக்கம் போனது. இதற்கு நேர் எதிர்க் கோளாறும் உண்டு. பின்பகுதி உட்குழிந்து, விளிம்பு கொக்கி மாதிரி கீழே வந்திருந்தால் அமரம் தூக்கப்படும், மூக்கு அழுந்தும், திருப்பத்தில் ஊன்றும். அரை வேகத்தில் நேராகவும் முழு வேகத்தில் கோணலாகவும் ஓடும் படகு உங்களிடம் இருந்தால், ரிமோட்டில் நேராக்கும் குமிழை, அதாவது ஸ்டியரிங் ட்ரிம்மைத் தொடுவதற்கு முன் ஸ்ட்ரெய்ட் எட்ஜை எடுங்கள். பட்டறை எல்லாம் வேண்டாம். நல்ல ஸ்டீல் ஸ்கேலும் பின்னால் ஒரு டார்ச் வெளிச்சமும் போதும், இடுக்கில் வெளிச்சம் கசிவது கண்ணுக்குத் தெரியும்.

பழுது பார்த்தது இப்படி. பழைய ஓட்டைகளைப் பெரிதாக்கித் தண்ணீரை வடித்தேன். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் வெதுவெதுப்பாக இருக்கும் இடத்தில் எட்டு நாள் வைத்தேன். தினமும் எடை போட்டு, மூன்று நாள் தொடர்ந்து எடை மாறாதபோதுதான் காய்ந்தது என்று நம்பினேன். இதில் அவசரப்பட்டு ஈரத்தின்மேல் எபாக்ஸி பூசினால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டுகிறோம். காய்ந்ததும் தொப்பை பாதி தானாகவே வடிந்திருந்தது. மீதிக்குப் பத்து மிமீ தடிமனுள்ள கண்ணாடித் துண்டில் 180 நம்பர் உப்புத்தாளை ஒட்டி, அதன்மேல் படகைத் தேய்த்தேன். கையில் தாளைப் பிடித்துத் தேய்த்தால் விரல் போகிற போக்கில் இன்னொரு குழி விழும். தொப்பையை முழுதாகத் தேய்த்தெடுத்தால் பிளைவுட் கிழிந்துவிடும் என்பதால், முன்பக்கத்தில் தாழ்ந்திருந்த இடத்தை எபாக்ஸியோடு டால்கம் பவுடர் குழைத்து உயர்த்தி, இரண்டையும் சேர்த்து மட்டமாக்கினேன். கடைசியில் இரண்டு ஸ்பான்சன்களும் கருங்கல்லின்மேல் ஆட்டமில்லாமல் ஒன்றாக உட்கார்ந்தன.

அடுத்தது விளிம்புகள். அழகுக்காகப் பூசும் பெயின்டும் வார்னிஷும் விளிம்பை உருட்டிவிடும். பின்விளிம்பு உருண்டிருந்தால் தண்ணீர் பிரியாமல் அதைச் சுற்றி மேலே ஏறும், மறுபடி அதே கரண்டிக் கதை. குகைப் பக்கத்துச் சுவரின் கீழ்விளிம்பு உருண்டிருந்தால் திருப்பத்தில் பிடிப்பு இருக்காது, வழுக்கும். விளிம்பு நெடுக நீர்த்த சூப்பர் குளூவை ஓடவிட்டு, மரம் அதை உறிஞ்சிக் கெட்டியானதும், கட்டையில் ஒட்டிய உப்புத்தாளால் சதுரமாக்கினேன். தொட்டால் நகம் மாட்ட வேண்டும். என் படகு இப்போது பார்க்க முன்னைவிட அசிங்கமாக இருக்கிறது, அடிப்பக்கத்தில் பெயின்டே கிடையாது.

ஜூன் கடைசி ஞாயிறு. தண்ணீரில் இறக்கி ட்ரிகரை அழுத்தினேன். நேராகப் போனது. இருபது மீட்டர் போய், லேசாக வலது திருப்பியதும் மூக்கைக் குத்தி மூன்று சுற்று சுற்றி நின்றது. முன்னைவிட மோசம்.

நியாயம்தான். தொப்பை போய்விட்டது, ஆனால் தொப்பைக்காகச் செய்த பரிகாரமெல்லாம் அப்படியே இருக்கிறது. ஈயம், பேட்டரி, பிராக்கெட்டில் கொடுத்த தகடு, எல்லாமே மூக்கை அழுத்தத்தான். கரையிலேயே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 60 கிராம் ஈயம், எடை மையத்திலிருந்து 400 மிமீ முன்னால். மொத்த எடையில் வகுத்தால் மையம் 12 மிமீ முன்னால் போயிருக்கிறது. 520 கிராம் பேட்டரி 20 மிமீ நகர்ந்ததில் இன்னும் ஐந்தரை. பின்பலகையிலிருந்து 185-இல் இருந்த மையம் 202-க்குப் போயிருக்கிறது. நீளத்தில் 30 சதவீதமாக இருந்தது 33-ஐ நெருங்கிவிட்டது. இந்த வகைப் படகுக்கு 30-ஐ ஒட்டித்தான் ஆரம்பிக்க வேண்டும். மூன்று சதவீதம் சின்ன எண்ணாகத் தெரியும், ஆனால் தண்ணீரைத் தொடுவதே பின்பக்கத்து உள்ளங்கை அகலம் என்பதை மறக்கக்கூடாது.

மையத்தைக் கண்டுபிடிக்க, பேட்டரியோடு ஓடத் தயாரான நிலையில், ஒரு உருண்டைப் பென்சிலின்மேல் குறுக்காக வைத்து உருட்டுங்கள். எந்த இடத்தில் நிற்கிறதோ அங்கே டேப்பில் குறி. இடம் வலம் பார்க்க, மூக்கிலும் பின்பலகையின் நடுவிலும் நூல் கட்டித் தொங்கவிடலாம். என் புரொப்பெல்லர், பின்னால் நின்று பார்த்தால், கடிகாரத்துக்கு எதிர்ப்புறம் சுழல்வது. அதன் எதிர்விசை படகின் வலப்பக்கத்தை அழுத்தும், வலது திருப்பத்தில் அந்த ஸ்பான்சன் இன்னும் ஆழமாகப் புதையும். அதற்காகப் பேட்டரியை ஐந்து மிமீ இடது தள்ளி வைத்திருக்கிறேன்.

அன்றிலிருந்து ஒரு கட்டுப்பாடு. ஒரு ஓட்டத்துக்கு ஒரே ஒரு மாற்றம், நோட்டில் எழுதிவிட்டுத்தான் அடுத்தது. முதலில் ஈயத்தைக் கழற்றினேன். சுற்றுவது நின்றது, ஊன்றுவது இருந்தது. பிறகு பிராக்கெட் தகட்டை எடுத்தேன். ஊன்றுவது போய் மூக்கு நிமிர்ந்தது, தொலைந்த வேகம் திரும்பி வந்தது. பேட்டரியைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோனால் லேசாகத் துள்ளல் எட்டிப் பார்த்தது, அதனால் ஐந்து மிமீ முன்னால் நிறுத்திவிட்டேன். இது மூன்று ஞாயிறு வேலை. நண்பர்கள் கேலி செய்தார்கள். தெலுங்கு நண்பர் ஒரே நேரத்தில் மூன்றை மாற்றி ஓட்டிப் பார்ப்பவர். அவர் படகு என்னுடையதைவிட வேகம், ஆனால் ஏன் வேகம் என்று அவருக்குத் தெரியாது.

அதற்கப்புறமும் வலது திருப்பத்தின் முடிவில் வால் கொஞ்சம் நழுவியது. இதற்கு இரண்டு காரணம் இருந்தது. ஒன்று ஸ்டியரிங் ஆட்டம். மோட்டாரைத் திருப்பும் சர்வோவைப் பிடித்துக்கொண்டு மோட்டாரின் கீழ்முனையை விரலால் ஆட்டினால் 4 மிமீ இப்படியும் அப்படியும் போனது. இரண்டையும் இணைக்கும் லிங்கேஜின் ஓட்டைகள் தேய்ந்திருந்தன. திருப்பத்தில் படகு தானாகவே இன்னும் கொஞ்சம் திரும்பிக்கொள்கிறது, நான் அதைத் திருத்தத் திருத்த இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டிருந்திருக்கிறோம். லிங்கேஜை மாற்றினேன், ஐம்பது ரூபாய் வேலை. இரண்டாவது மோட்டாரின் உயரம். வேகத்துக்காக உயர்த்தி வைத்திருந்தேன். உயர்த்தினால் தண்ணீருக்குள் இருக்கும் காலின் தடை குறைந்து வேகம் கூடும், ஆனால் படகு சாயும் திருப்பத்தில் புரொப்பெல்லர் காற்றைக் கடித்துப் பிடிப்பை விட்டுவிடும். ஒவ்வொரு மில்லிமீட்டராக இறக்கி இரண்டாவது மில்லிமீட்டரில் சரியானது. நேரோட்டத்தில் ஒரு கிலோமீட்டர் வேகம் போயிற்று, திருப்பத்தில் அதைவிட அதிகமாகத் திரும்பி வந்தது.

அப்புறம் ஆடி வந்தது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், இரண்டு கிலோவுக்குள் இருக்கும் என் படகு எம்மாத்திரம். பெங்களூரில் ஜூன், ஜூலை, ஆகஸ்டில் மேற்கிலிருந்து காற்று விடாமல் அடிக்கும். எதிர்க்காற்றில் முழு வேகத்தில் போனபோது மூக்கு மெதுவாக எழுந்தது, எழுந்துகொண்டே இருந்தது, பின்பக்கமாகக் குட்டிக்கரணம் போட்டு மல்லாந்து விழுந்தது. கணக்கு இதுதான்: படகு 55 கிலோமீட்டர், காற்று 15. எதிரே போகும்போது குகைக்குள் புகும் காற்று 70, திரும்பி வரும்போது 40. தூக்கும் விசை வேகத்தின் வர்க்கத்தில் போகும், ஆகவே 4,900-க்கு 1,600. ஏரியின் ஒரு கரைப் பக்கம் போகும்போது இருக்கும் தூக்கல், மறு கரையில் வருவதைப்போல மூன்று மடங்கு. ஒரே செட்டிங் இரண்டுக்கும் சரியாக வராது. காற்று நாளில் பேட்டரியைப் பத்து மிமீ முன்னால் தள்ளுவேன், மற்றதை விரல் பார்த்துக்கொள்ளும். எதிர்க்காற்றில் முக்கால் ட்ரிகர்தான். சென்னையில் ஓட்டுபவர்கள் இங்கே எழுதியதைவிடக் கொஞ்சம் எச்சரிக்கையாக இருக்கலாம். கடல்மட்டத்துக்கு 900 மீட்டர் மேலே இருக்கும் எங்கள் காற்று உங்கள் காற்றைவிட எட்டு, ஒன்பது சதவீதம் லேசு, எங்கள் குகை அந்த அளவுக்குக் குறைவாகத்தான் தூக்கும்.

மல்லாந்த படகை எடுக்க யாரும் ஏரியில் இறங்க வேண்டாம். சேறும் ஆகாயத்தாமரை வேரும் காலைப் பிடித்தால் நீச்சல் உதவாது. டென்னிஸ் பந்தில் தூண்டில் நரம்பைக் கட்டி, படகுக்கு அப்பால் எறிந்து இழுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் காற்று கரைக்குக் கொண்டுவரும்வரை தேநீர் குடியுங்கள். மூழ்காமல் இருக்க உடலுக்குள் ஃபோம் துண்டுகளை முதலிலேயே அடைத்துவிட வேண்டும். மூடியின் ஓரத்தை டேப்பால் ஒட்டுங்கள். நனைந்த லிப்போ பேட்டரியைத் துடைத்து அன்றைக்கே சார்ஜ் போடாதீர்கள், வீட்டுக்கு வெளியே ஒரு நாள் வைத்துப் பாருங்கள்.

புரொப்பெல்லர் பற்றி ஒரு வார்த்தை. புதிதாக வாங்கியதைக் கூர்தீட்டிச் சமன் செய்யாமல் மாட்டினால் அது நல்லதா கெட்டதா என்று சொல்ல வழியில்லை, என் ஆறாயிரத்தில் பாதி இப்படித்தான் போயிற்று. ஆனால் பெரிலியம் காப்பரில் செய்தவற்றை உலர்வாகத் தேய்க்கவே கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்கு நஞ்சு. தண்ணீர் விட்டு, முகக்கவசம் போட்டு, குழந்தைகள் இல்லாத இடத்தில் தேய்த்து, கழிவைத் துடைத்த துணியையும் தூக்கி எறிந்துவிடுங்கள். பழகும்வரை பிளாஸ்டிக் புரொப்பெல்லர் போதும்.

இப்போது படகு 61 கிலோமீட்டர் காட்டுகிறது, நேராக. மாமாவுக்கு வீடியோ அனுப்பினேன். “பாரம் வச்சதுனால சரியாயிருச்சு பாரு” என்றார். ஆமாம் மாமா என்றேன்.

இடது திருப்பம் மட்டும் இன்னும் அகலமாகத்தான் போகிறது, அந்தப் பக்கம் தகடு இல்லையே. 1.5 மிமீ அலுமினியத்தில் ஒன்று வெட்டி வைத்திருக்கிறேன். இந்த முறை ஸ்க்ரூவுக்கு வேண்டியதைப்போல இரண்டு மடங்கு பெரிய ஓட்டை போட்டு, அதை எபாக்ஸியால் முழுதாக நிரப்பியாயிற்று. நாளை காலை கெட்டியாகிவிடும். அதன் நடுவில்தான் ஸ்க்ரூவுக்கான ஓட்டையைப் போட வேண்டும்.